மெசேஜ் வந்தால் மட்டும் நம்புங்க

டோக்கன் அக்காவைத் தெரியாதவர் அந்த டயாலிசிஸ் மையத்தில் ஒருத்தர்கூடக் கிடையாது. சொந்தப் பேர் என்னவென்று கேட்டால் பெரிய சிஸ்டரே நெற்றியைச் சுருக்குவார். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று தடவை வந்து, மிஷின் பக்கத்தில் கையை நீட்டி மணிக்கணக்கில் உட்கார்ந்து, ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு போகிற இடம் அது. யாருக்கு எந்த நாள், காலையா மதியமா, எந்த நாற்காலி என்று நேரம் போட்டுக் கொடுப்பவள், வாசலுக்கு எதிரே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இவள்தான். ஆரம்பத்தில் கையால் டோக்கன் எழுதிக் கொடுத்தாள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, டோக்கன் போனது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அது ஒரு தனி ரகம். ஒருத்தருடைய நேரத்தை மாற்றினால் இன்னொருத்தரை நாற்காலியிலிருந்து இறக்கிவிடும். செத்துப்போனவருக்கு "நாளை வரவும்" என்று மெசேஜ் அனுப்பி, அவர் மனைவியை அழவைத்த கதையும் உண்டு. சிஸ்டம் போட்டுக் கொடுத்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்டால், "அது அப்படித்தாம்மா இருக்கும், உங்களுக்குச் சொன்னா புரியாது" என்பார். ஒருநாள் அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. புரியாதா? புரிகிற இடத்துக்கே போய்க் கற்றுக்கொண்டு வருகிறேன் பார் என்று, நாற்பதை நெருங்குகிற வயசில், கம்ப்யூட்டர் சிஸ்டம் உருவாக்குகிற டிகிரிக்கு ஒரு யுனிவர்சிட்டியில் சேர்ந்தாள்.

வேலையை விடாமல் படிக்கிற படிப்பு அது. சாயங்காலம் வீட்டில் ஆன்லைன் வகுப்பு, எப்போதாவது ஒரு சனிக்கிழமை நேரில் போகவேண்டும், மீதியெல்லாம் வேலை பார்க்கிற இடத்தில். உங்க ஆபீஸ்தான் உங்க லேப், அங்கே இருக்கிற தொல்லைதான் உங்க பாடம் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். கூடப் படித்தவர்களில் ஒருவர் பஸ் டிப்போவில் நேரம் பார்ப்பவர், ஒருத்தி குடோன் சூப்பர்வைசர். எல்லாரும் கேமராவுக்கு முன்னால் கொட்டாவியை மென்று முழுங்குகிறவர்கள். வாரத்தில் ஒரு காலைப்பொழுதைப் படிப்புக்கென்று மேனேஜர் ஒதுக்கிக் கொடுத்திருந்தார். அந்தக் காலையிலும் கவுண்டர் போன் அடித்தால் எடுக்கவேண்டியவள் இவள்தான், அது வேறு விஷயம்.

வீட்டில் கேலிக்குப் பஞ்சமில்லை. "அம்மா, ஹோம்வொர்க் முடிச்சாச்சா? முடிக்காம டிவி பக்கம் வந்தா நடக்கறதே வேற" என்று பள்ளிக்கூடம் போகிற மகள் மிரட்டுவாள். வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். "நடு மாடியில நின்ன லிப்ட் மாதிரி ஆகிடாத. மேல போகலைன்னா கீழயாவது வந்து சேரு" என்பார். சும்மா சொல்லக்கூடாது, கேலி பண்ணிக்கொண்டே பாத்திரத்தையும் அவர்தான் கழுவி வைத்தார்.

கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு அக்கா எடுத்துக்கொண்டது தண்ணீர்ப் பிரச்சினை. சுத்திகரித்த தண்ணீர் இல்லாமல் டயாலிசிஸ் மிஷின் ஓடாது. மையத்துத் தண்ணீர் பிளான்ட் படுத்துவிட்டால் அந்த ஷிப்டையே நிறுத்தவேண்டியதுதான். ஒவ்வொருத்தருக்காகப் போன் போட்டுச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப்பேர் வண்டி பிடித்து வாசலுக்கே வந்துவிடுவார்கள். வீங்கின காலோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது போலக் கொடுமை உண்டா? அதற்காக ஒரு பட்டன். அமுக்கினால் அந்த ஷிப்டில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே மூச்சில் "ரத்து" என்று மெசேஜ் போய்விடும். சின்ன விஷயமாகத் தெரியும். அதற்குப் பின்னால் மாதக்கணக்கில் கண்ணைக் கசக்கியிருக்கிறாள்.

இதற்கு நடுவில் எவனோ ஒரு திருட்டுப்பயல் நோயாளிகளுக்குப் போன் போட ஆரம்பித்தான். "மையத்திலேர்ந்து பேசறேன், உங்க நேரம் மாறியிருக்கு, பேங்க் கார்டு நம்பர் சொல்லுங்க" என்பானாம். அக்காவுக்கு வந்ததே கோபம். நாற்காலி நாற்காலியாகப் போய் எச்சரித்தாள். "எல்லாரும் நல்லா கேட்டுக்குங்க. நேரம் மாறினா மெசேஜ்தான் வரும். மேல நம்ம மையத்தோட பேர் இருக்கும். பேர் இல்லாம வந்தா அழிச்சுடுங்க. போன்ல எவன் என்ன சொன்னாலும் நம்பாதீங்க. நானே பேசறேன்னு சொன்னாலும் நம்பாதீங்க." கடைசியாக அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தாள் பாருங்கள், அதுதான் பின்னால் வந்து அவள் கழுத்தைப் பிடித்தது.

இதை மந்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டவர், காலமெல்லாம் தையல்காரராக இருந்த தையல் ஐயா. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், ஒரே மகள் வெளியூரில், இவர் தனியாள். காது கொஞ்சம் மந்தம். மெசேஜ் வந்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்து எழுத்தாக வாயால் படிப்பார். மையத்துக்குள் நுழைந்ததும் அக்கா போட்டிருக்கிற யூனிபார்ம் கோட்டைப் பார்த்து, "இந்தத் தோள்பட்டையை எந்தப் பாவிம்மா வெட்டினான்?" என்று தினமும் கேட்பார். போன தடவை காய்ச்சல் என்று வரவில்லை. அதனால் இந்தத் தடவை அவரை விடவே கூடாது என்று பெரிய சிஸ்டர் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். "ரத்தத்துல பொட்டாசியம் ஏறிட்டே போகும்டி. திடீர்னு நெஞ்சு நின்னுபோகும். மனுஷன் நல்லாத்தான் பேசிட்டிருப்பார், அதான் பயம்."

ஐயாவுக்கு மதிய ஷிப்ட் இருந்த அதே நாளில்தான் அக்காவின் ப்ராஜெக்டைப் பார்க்க யுனிவர்சிட்டி மேடம் வீடியோவில் வருவதாக ஏற்பாடு. பக்கத்தில் மேனேஜரும் உட்காரவேண்டும்; வேலை பார்க்கிற இடத்தில் இவளுக்கு வழிகாட்டி அவர்தான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வழிகாட்டியாவது ஒன்றாவது, மனுஷனுக்கு மவுஸைப் பிடித்தாலே வியர்க்கும். மேடம் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டினால் போதும் என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தாள். தலையாட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மேடம் வருவதற்கு முன்னால் ஒருதடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று கவுண்டரிலேயே உட்கார்ந்தாள். இங்கேதான் புத்தி புல் மேயப் போனது. மெசேஜ் அனுப்புகிற கம்பெனி இவளுக்கு ரெண்டு சாவி கொடுத்திருந்தது. சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை, நீளமாக ஒரு எழுத்துக் கோவை. பயிற்சிச் சாவியைப் போட்டால் மெசேஜ் திரையில் மட்டும் தெரியும், எங்கேயும் போகாது. அசல் சாவியைப் போட்டால் நிஜமாகவே போகும். முந்தின நாள் சாயங்காலம் மகளிடம் பெருமை அடித்துக்கொள்ள அசல் சாவியைப் போட்டு, தன் போனுக்கே ஒரு மெசேஜ் அனுப்பிக் காட்டினாள். மகளும் "பரவாயில்லையே, பாஸ் பண்ணிடுவ போலிருக்கே" என்று முதுகில் தட்டினாள். அந்தச் சந்தோஷத்தில் சாவியைத் திருப்பி மாற்ற மறந்துபோனாள்.

அதுகூடப் போகட்டும். பயிற்சிக்குக் கற்பனைப் பேர், கற்பனை நம்பர்தான் போடவேண்டும், நிஜ ஆட்களின் விவரத்தைத் தொடவே கூடாது என்று யுனிவர்சிட்டியில் கையெழுத்தே வாங்கியிருந்தார்கள். கற்பனை ஆட்கள் நிஜ ஆட்கள் மாதிரி தகராறு பண்ணுவதில்லையே என்று, மையத்தின் அசல் விவரத்தையே நகல் எடுத்து உள்ளே போட்டு வைத்திருந்தாள். வேலை செய்கிற மேஜையும் படிக்கிற மேஜையும் ஒன்றாகிப்போனவர்களுக்கு எது அசல், எது பயிற்சி என்று கோடு அழிந்துபோகிறது. கோடு அழிந்தது இவளுக்குத் தெரியவில்லை. பட்டனை அமுக்கினாள்.

திரையில் வரிசையாக "அனுப்பப்பட்டது, அனுப்பப்பட்டது" என்று ஓடியது. அழகாக வேலை செய்கிறதே என்று அக்கா டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். கவுண்டர் போன் அடித்தது.

"டோக்கன் அக்காவா? இன்னைக்கு மதியம் கேன்சல்னு வந்திருக்கே, தண்ணி மறுபடியும் மக்கர் பண்ணுதா?"

அக்காவுக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. விளங்கினதும் டீயை அப்படியே வைத்துவிட்டாள். திரையைப் பார்த்தாள். மதிய ஷிப்ட் முழுக்கப் போய் முடிந்து, நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் மறுநாள் ஆட்களின் பேர்கள் ஓட ஆரம்பித்திருந்தன. மெசேஜ் கம்பெனிக்குப் போன் போட்டு, "நிறுத்துங்க, எங்க பேர்ல போறதை எல்லாம் இப்பவே நிறுத்துங்க" என்று கத்தினாள். எதிர்முனையில் பேசின பெண் நிறுத்திவிட்டாள். உங்க கணக்கைப் பூட்டியாகிவிட்டது, மறுபடியும் திறக்கவேண்டும் என்றால் என்ன நடந்தது, யாரால் நடந்தது என்று உங்க மேனேஜர் மெயிலில் எழுதணும் என்றாள். அதையெல்லாம் காதில் வாங்குகிற நிலையிலா இருந்தாள் இவள்?

நேராகப் பெரிய சிஸ்டரிடம் ஓடினாள். "சிஸ்டர், தப்பு பண்ணிட்டேன். மதியத்து ஆளுங்க எல்லாருக்கும், நாளைக்கு வர்றவங்க சிலருக்கும் கேன்சல்னு போயிடுச்சு. நான்தான் அனுப்பினேன்."

சிஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் திட்ட நேரமில்லை என்று தெரிந்த மனுஷி. "அழறதை அப்புறம் வச்சுக்க. பாதியை நீ கூப்பிடு, பாதியை நான் கூப்பிடறேன்" என்று போனை எடுத்தார்.

ஒருவழியாக எல்லாரையும் பிடித்தார்கள். சுலபமாக நம்பினவர்கள் யாருமில்லை, அதுதான் வேடிக்கை. இவள் பாடம் நடத்தினது அந்த மாதிரி. ஒரு அம்மா, "நீ டோக்கன் அக்கான்னா போன வாரம் உன்கிட்ட என்ன சொல்லி அழுதேன், சொல்லு பாப்போம்" என்றார். "உங்க மருமக உங்களைக் கேக்காம வீட்டைக் காலி பண்ணிட்டான்னு அழுதீங்க" என்று இவள் சொன்ன பிறகுதான் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். மிச்சம் ஒரே ஒருத்தர். தையல் ஐயா.

சிஸ்டர் தன் போனிலிருந்து கூப்பிட்டபோது எடுத்தார். பின்னால் பஸ் இரைச்சல். "நேரம் மாறினா மெசேஜ் வரும்டா. எனக்கா காது குத்தற? பொம்பளைக் குரல்ல பேசினா ஏமாந்துடுவேனா?" என்று ஒரு பிடி பிடித்துவிட்டு வைத்துவிட்டார். அதன் பிறகு மையத்து நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் துண்டித்தார், அக்காவின் சொந்த நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் துண்டித்தார். அக்கா தன் போனிலிருந்து மெசேஜ் அடித்துப் பார்த்தாள். மேலே மையத்தின் பேர் இல்லையே, அழித்திருப்பார். அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

வீட்டுக்காரர் அந்தப் பக்கம் ஏதோ கட்டடத்தில் லிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை விரட்டினாள். கிரீஸ் கையோடு ஐயாவின் தெருவுக்குப் போனவர் கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். "வீடு பூட்டியிருக்கு. பக்கத்து வீட்டுல கேட்டேன். 'இன்னைக்கு எனக்கு லீவு விட்டுட்டாங்க'ன்னு சொல்லிட்டு, மகளைப் பாக்கப் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாராம். சின்னப் பையன் மாதிரி குஷியா போனாராம்." பஸ் ஸ்டாண்டிலும் போய்ப் பார்த்தார். தனியார் பஸ், கிளம்பிப் போய்விட்டது, டிரைவர் நம்பர் யாரிடமும் இல்லை. ஐயாவின் மகளைக் கூப்பிட்டால் அவள் மில்லில் வேலை பார்க்கிறவள், உள்ளே நுழையும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்களாம்.

பஸ் ஒவ்வொரு கிலோமீட்டர் போகப்போக அவர் திரும்பி வரவேண்டிய தூரமும் ஏறிக்கொண்டே போகிறது. சாயங்காலத்துக்குள் அவரை நாற்காலியில் உட்காரவைக்காவிட்டால் அன்றைக்கு இடமில்லை, போய்ச் சேருகிற ஊரில் அவருக்கு மிஷின் கொடுப்பார் கிடையாது. அவரை எட்டுவதற்கு உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. மேலே மையத்தின் பேர் போட்ட மெசேஜ். அந்த வழியைத்தான் இவளே கத்திக் கூப்பாடு போட்டுப் பூட்ட வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் அறையில் கம்ப்யூட்டர் மணி அடித்தது. மேடம் வந்துவிட்டார். திரையில் சிரித்த முகத்தோடு, "எல்லாரும் ரெடியா?" என்றார்.

அக்கா வாசலிலேயே நின்றாள். மேனேஜர் எழுந்து வந்து, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தார். "சிஸ்டர் எல்லாத்தையும் சொன்னாங்க. நீ வாயைத் திறக்காத. மெசேஜ் கம்பெனி சர்வர்ல கோளாறுன்னு மெயில் போட்டுடறேன். நம்ம பேரும் தப்பிச்சுது, உன் படிப்பும் தப்பிச்சுது."

"அவங்க தப்புன்னு எழுதினா உடனே திறக்க மாட்டாங்க சார். எங்க கோளாறுன்னு தோண்டித் துருவிப் பாத்துட்டுத்தான் திறப்பாங்க. அதுக்குள்ள ஐயா ஊர் போய்ச் சேந்துடுவார்."

"மெதுவா பேசும்மா. மேடம் லைன்ல இருக்காங்க. மைக்கை அணை."

மைக் பட்டன் அவளுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். கொட்டாவியை முழுங்கின சாயங்காலங்கள், மகள் முதுகில் தட்டினது, வீட்டுக்காரர் கழுவி வைத்த பாத்திரம், எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஒரு விரல் போதும். ஆனால் ஒரு கிழவர் ஜன்னல் ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு, லீவு என்று சிரித்துக்கொண்டு போகிறார். அவர் ரத்தத்தில் என்ன ஏறிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, இவளுக்குத் தெரியும்.

"சார், நான் சொல்லச் சொல்ல டைப் அடிங்க," என்றாள் சத்தமாக. மேடத்துக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாக. "எங்க ஊழியர் ஒருத்தர் படிப்புக்காகச் செஞ்ச ப்ரோகிராம்ல நிஜ நோயாளிகளோட விவரத்தைப் போட்டு வச்சிருந்தார். அசல் சாவியை மாத்தாம ஓட்டிட்டார். தப்பு முழுக்க அவரோடது. ஒரு நோயாளியோட உயிர் ஆபத்துல இருக்கு. உடனே திறந்துவிடுங்க. அவ்வளவுதான் சார். கீழ என் பேரைப் போடுங்க."

மேனேஜர் மேடத்தைப் பார்த்தார். மேடத்தின் சிரிப்பு எப்போதோ போயிருந்தது. மேனேஜரின் வியர்த்த விரல்கள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தின. தலையாட்டுகிற மனுஷன் என்று கேலி பண்ணினோம், அன்றைக்கு ஒரு எழுத்தையும் மாற்றாமல் அடித்தார். மெயில் போன கையோடு அக்கா போனைப் போட்டாள். "பாத்துட்டேன், திறந்துட்டேன்" என்றாள் அந்தப் பெண்.

கவுண்டருக்கு ஓடி வந்து, அதே ப்ரோகிராமைத் திறந்தாள். இந்தத் தடவை ஒரே ஒரு நம்பர். "தையல் ஐயா, இன்று உங்களுக்கு டயாலிசிஸ் உண்டு. காலையில் வந்தது தவறு. உடனே பஸ்ஸை விட்டு இறங்கி மையத்துக்கு வாருங்கள். மேலே நம் பேர் இருக்கிறது, பாருங்கள்." நம்பரை ஒருதடவைக்கு நாலு தடவை சரிபார்த்துவிட்டு அமுக்கினாள்.

"சேர்ந்தது" என்று திரையில் வந்தது. சேர்ந்தது என்றால் போனுக்குச் சேர்ந்தது. கண்ணுக்குச் சேர்ந்ததா? அந்த மெசேஜுக்குப் பதில் அனுப்ப வழி கிடையாது. போன் போட்டாலும் எடுக்க மாட்டார். பஸ்ஸில் தூங்கிப்போயிருந்தால்? கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தால்?

மதிய ஷிப்ட் ஆட்கள் ஒவ்வொருத்தராக வந்து எடை பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஜன்னல் பக்கத்து நாற்காலிக்கு மட்டும் ஆளில்லை. சிஸ்டர் அந்த மிஷினையும் தயார் பண்ணி வைத்துவிட்டு, அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். வாசல் கதவு ஆடும்போதெல்லாம் ரெண்டு பேரும் தலையைத் தூக்கினார்கள். கூரியர்காரன் வந்தான். பக்கத்து மருந்துக்கடைக்காரர் சில்லறை கேட்டு வந்தார். அக்கா அவர் மேல் எரிந்து விழுந்தாள், பாவம், அவர் என்ன பண்ணுவார்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. இனிமேல் வந்தாலும் முழுசாக ஓட்ட முடியாது என்று சிஸ்டர் வாய்க்குள் முனகின நேரத்தில் கதவு திறந்தது. கையில் பை. செருப்புக்குள் அடங்காத கால். தடுமாறிக்கொண்டே உள்ளே வந்தவரின் முகத்தில் வெற்றிக்களை.

"டோக்கன்மா, காலையிலேர்ந்து அந்தத் திருட்டுக் கும்பல் விடாம போன் போடுதும்மா! பொம்பளைக் குரல்லகூடப் பேசறாங்க. மெசேஜ்கூட அனுப்பினானுங்க, மேல பேர் இல்ல, அழிச்சுட்டேன். ஒருத்தன்கிட்டயும் நான் ஏமாறலையே! உன் மெசேஜ் வந்துச்சு, அந்த இடத்துலயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிட்டேன்."

போன உயிர் வந்தது என்பார்களே, அக்காவுக்கு அதுதான். ஆனால் ஏமாறலையே என்று அவர் சொன்னதில் அவளுக்கு வந்த உயிர் வந்த இடத்திலேயே சுருண்டு படுத்துக்கொண்டது. சிஸ்டர் அவரைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோனார். டாக்டர் ஓடி வந்தார். மிஷின் ஓட ஆரம்பித்து, ஐயாவின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்த பிறகு அக்கா போய் அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, காலையில கேன்சல்னு வந்துச்சே, அதுவும் நான் அனுப்பினதுதான். படிப்புக்காகச் சோதிச்சுப் பாத்தேன், தப்பா உங்களுக்கு வந்துடுச்சு. போன் போட்டதும் நாங்கதான்."

ஐயா குழாயில் ஓடுகிற தன் ரத்தத்தைப் பார்த்தார். திட்டியிருக்கலாம். நாலு அறை அறைந்திருந்தாலும் அக்கா வாங்கிக்கொண்டிருப்பாள்.

"அப்ப இனிமே நான் எதைம்மா நம்பறது?" என்றார்.

அக்கா அவர் பையை எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

மேனேஜர் அறையில் மேடம் அவ்வளவு நேரமும் இணைப்பைத் துண்டிக்காமல் இருந்தார். ஐயா வந்துவிட்டார் என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டார். "உங்களை நான் பாஸ் போட முடியாது. தெரியுமில்லையா?" என்றார். "தெரியும் மேடம்" என்றாள் அக்கா. நிஜ விவரத்தை எடுத்தது பெரிய குற்றம், ப்ராஜெக்ட் முழுக்கத் தள்ளுபடி, கமிட்டி ஒத்துக்கொண்டால் அடுத்த வருஷப் பிள்ளைகளோடு முதலிலிருந்து செய்யலாம் என்று மேடம் சொன்னார். வேலையிலும் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதவளை மகள் கேலி பண்ணவில்லை. வீட்டுக்காரர் மட்டும், "லிப்ட் கீழ வந்துடுச்சு, அவ்வளவுதானே. மறுபடி ஏறலாம்" என்றார்.

கமிட்டி ஒத்துக்கொண்டது. மறுபடி ஏறினாள். இந்தத் தடவை ப்ரோகிராமில் போட்ட ஆட்கள் எல்லாரும் கற்பனை. ஆனால் எல்லாருக்கும் போன் நம்பர் ஒன்றுதான், அக்காவின் சொந்த நம்பர். எங்கே தவறினாலும் தன் தலையில்தானே விழும். அந்த வருஷம் முழுக்க அவள் போன் "உங்கள் டயாலிசிஸ் ரத்து, ரத்து" என்று நேரங்காலம் இல்லாமல் அலறியது. மகள், "அம்மா, உனக்கு இன்னைக்கும் கேன்சலாம்" என்று மறுபடியும் கேலியை ஆரம்பித்தாள். ரத்து என்று ஒரு மெசேஜ் போவதற்கு முன்னால் பெரிய சிஸ்டரும் தன் பங்குக்கு ஒரு பட்டனை அமுக்கினால்தான் போகும் என்றும் வைத்தாள்.

தையல் ஐயா அந்த நாளுக்குப் பிறகு மாறிப்போனார். தோள்பட்டையைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். மையத்திலிருந்து எந்த மெசேஜ் போனாலும் உடனே கவுண்டர் போன் அடிக்கும். "டோக்கன்மா, இது நீதானா?" "நான்தான் ஐயா." "நிஜமாவா?" "நிஜமாத்தான் ஐயா." சில நாள் நேரில் வந்து போனை நீட்டிக் காட்டியும் கேட்பார். ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள்.

மேடம் இரண்டாம் தடவை வந்து பார்த்து, குடைந்து குடைந்து கேள்வி கேட்டு, பாஸ் போட்டார். மேனேஜர் பழைய சிஸ்டத்தைத் தூக்கிவிட்டு அக்காவினுடையதை வைக்கச் சொன்னார். அதிலிருந்து நிஜ ஆட்களுக்கு முதல் மெசேஜ் போன நாளில் அவள் கவுண்டரை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "நாளை காலை உங்கள் டயாலிசிஸ். வரவும்." தையல் ஐயாவுக்கும் போயிருந்தது. திரையில் "சேர்ந்தது" என்றும் வந்திருந்தது.

கவுண்டர் போன் அடிக்கவில்லை. எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள், லைன் இருந்தது. சாயங்காலம் வரைக்கும் பார்த்தாள். எங்கேயோ தவறு பண்ணிவிட்டோம், ஐயாவுக்குப் போகவே இல்லை என்று ப்ரோகிராமை வரி வரியாக மறுபடி சரிபார்த்தாள். தானே கூப்பிடலாம் என்று ரெண்டு தடவை நம்பரை எடுத்துவிட்டு, பயந்துபோய் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு முதல் ஆளாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் ஐயா. நேராக எடை மிஷின் பக்கம் போனார்.

"ஐயா, நேத்து ஏன் போன் பண்ணலை?" என்று கவுண்டரை விட்டு வெளியே வந்து கேட்டாள் அக்கா.

"எதுக்கு?" என்றார் ஐயா திரும்பிப் பார்க்காமலே. "அதான் மெசேஜ் வந்துச்சே."

எடை மிஷினில் ஏறி நின்றவர் கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு இவளை ஏற இறங்கப் பார்த்தார். "கோட்டு இன்னும் அதே கோட்டுதானா? கழட்டிக் கொடு, தோள்பட்டையைப் பிரிச்சுத் தைச்சுத் தரேன்" என்றார்.

அக்கா கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவர் எடையைக் குறித்துக்கொண்டாள்.